தூதராகத் தொடங்கித் தூக்குமேடையில் முடிந்த வாழ்க்கை: ஃபதீன் ருஷ்தூ ஸோர்லு

1960 மே 27 அன்று அதிகாலையில், நாட்டின் நிர்வாகத்தை ராணுவம் கையில் எடுத்துக்கொண்டதாகத் துருக்கி வானொலியில் கர்னல் அல்பார்ஸ்லான் துர்கேஷ் அறிவித்தார். பத்தாண்டு காலம் ஆண்ட ஜனநாயகக் கட்சியின் அரசு அந்தக் காலைப்பொழுதோடு முடிந்தது. அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது: மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணிகளான நேட்டோ மீதும் சென்டோ மீதும் தங்களுக்கு நம்பிக்கை உண்டு, இரண்டிலும் துருக்கி தொடர்ந்து இருக்கும். அப்படியானால் புரட்சி செய்தவர்களுக்கு நாட்டின் வெளியுறவுக் கொள்கையோடு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் அந்தக் கொள்கையை வடித்தவர்களில் முதன்மையானவரான வெளியுறவு அமைச்சர் ஃபதீன் ருஷ்தூ ஸோர்லுவைக் கைது செய்தார்கள். ஒன்றேகால் ஆண்டு கழித்து அவரைத் தூக்கிலும் போட்டார்கள்.

ஒருவரின் வேலையை முழுவதுமாக ஏற்றுக்கொண்டு, அந்த வேலையைச் செய்தவரை மட்டும் கொல்வது எப்படி நடக்கும்? ஸோர்லுவின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு முதலில் எழுந்த கேள்வி இதுதான். அவர் தூதராக இருந்த காலத்தையும் அரசியல்வாதியாக இருந்த காலத்தையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. தூதரின் பழக்கங்கள் அரசியலுக்குள் வந்தபோது என்னவாயின என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸோர்லு 1910இல் இஸ்தான்புல்லில், உதுமானிய ராணுவத்தில் பாஷா பட்டம் பெற்றவரின் மகனாகப் பிறந்தார். படித்தது கலாதாசராய் பள்ளியில். பிரெஞ்சு மொழியில் பாடம் நடத்திய அந்தப் பள்ளி, உதுமானியப் பேரரசின் கடைசிக் காலத்திலிருந்தே நாட்டின் உயர் அதிகாரிகளையும் தூதர்களையும் வார்த்தெடுத்த இடம். பிறகு பாரிஸில் அரசியல் அறிவியலும் ஜெனீவாவில் சட்டமும் படித்து, 1932இல் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவர் மணந்துகொண்டது அப்போதைய வெளியுறவு அமைச்சர் தெவ்ஃபிக் ருஷ்தூ அராஸின் மகளை. அராஸ் சாதாரண அமைச்சர் அல்லர். 1925 முதல், துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் இறந்த 1938 வரை அந்தப் பொறுப்பில் இடையறாமல் இருந்தவர். கருங்கடல் நீரிணைகளைத் துருக்கியின் கட்டுப்பாட்டில் மீண்டும் கொண்டுவந்த 1936ஆம் ஆண்டின் மொந்த்ரோ ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவர். இருபத்து மூன்று வயதில் ஸோர்லு துருக்கிய ராஜதந்திரத்தின் உள்வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனாரின் செல்வாக்கால் மேலே வந்தவர் என்று பிற்காலத்தில் எதிரிகள் சொன்னார்கள். அது முழு உண்மையாகத் தோன்றவில்லை, ஏனென்றால் அராஸ் பதவியிழந்த பிறகுதான் ஸோர்லுவின் உண்மையான வளர்ச்சி தொடங்குகிறது.

போர்க்காலத்தில் அவர் சோவியத் ஒன்றியத்தில் பணியாற்றினார். ஜெர்மானியப் படை நெருங்கியதால் தூதரகங்கள் மாஸ்கோவிலிருந்து குய்பிஷேவ் நகருக்கு இடம் பெயர்ந்திருந்த காலம் அது. பின்னர் பெய்ரூட்டில் துணைத் தூதரகப் பொறுப்பு. போர் முடிந்ததும் அமைச்சகத்தின் வணிக, பொருளாதாரப் பிரிவுக்கு வந்தார். அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய இடம் இதுவே என்று நினைக்கிறேன். போருக்குப் பின் ஐரோப்பாவுக்கு அமெரிக்கா உதவிய மார்ஷல் திட்டத்தின் பணம் வந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ராஜதந்திரம் என்பது கணக்குப் புத்தகத்தின் மொழியைப் பேச ஆரம்பித்திருந்தது. எவ்வளவு டாலர், எந்த இயந்திரம், எந்தத் துறைமுகம், திருப்பிக் கொடுக்க எத்தனை ஆண்டு என்றெல்லாம் உட்கார்ந்து பேரம் பேசத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். ஸோர்லு அந்த வகையில் தேர்ந்தவராக உருவானார். 1952 பிப்ரவரியில் துருக்கி நேட்டோவில் சேர்ந்தபோது, அங்கே நாட்டின் நிரந்தரப் பிரதிநிதியாக அவரையே பாரிஸுக்கு அனுப்பினார்கள்.

பிரதமர் அத்னான் மெந்தெரெஸின் கண்ணில் அவர் பட்டது இந்தக் காலத்தில்தான். மெந்தெரெஸ் ஏஜியன் கடலோரப் பகுதியைச் சேர்ந்த பெருநிலக்கிழார். கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர். ஆனால் வெளிநாட்டு மாநாட்டு அறைகள் அவருக்குப் பழக்கமில்லாதவை. தனக்கு இல்லாத திறமை உள்ள ஒருவரை அவர் தேடிக்கொண்டிருந்தார். 1954 மே மாதத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 57 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு மாபெரும் வெற்றி பெற்றபோது, சனாக்கலே தொகுதியின் உறுப்பினர்களில் ஒருவராக ஸோர்லு நாடாளுமன்றத்துக்கு வந்தார். வந்த வேகத்திலேயே அமைச்சரும் ஆனார். கிளை அமைப்பு, தொண்டர், ஊர்வலம், தோல்வி என்று ஒரு கட்சிக்காரர் படிப்படியாகக் கற்கும் எதையும் அவர் கற்கவில்லை. அமைச்சகத்தின் தாழ்வாரத்திலிருந்து அமைச்சரவைக் கூடத்துக்கு ஒரே எட்டில் வந்துவிட்டார். கட்சிக்குள் பலருக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு இது ஒரு காரணம். யாரையும் மதிக்காத பேச்சு இன்னொரு காரணம்.

அமைச்சரான பிறகு அவருக்குக் கிடைத்த முதல் உலக மேடை பாண்டுங். 1955 ஏப்ரல் 18 முதல் 24 வரை இந்தோனேசியாவில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடிய அந்த மாநாட்டுக்குத் துருக்கிக் குழுவைத் தலைமை தாங்கி அழைத்துச் சென்றவர் ஸோர்லு. நமக்கு அந்த மாநாடு நேருவின் மேடையாகவே நினைவில் இருக்கிறது. அவருக்கு எதிர்த் தரப்பில் நின்றவர்களில் வலுவான குரல் ஸோர்லுவுடையது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ராணுவக் கூட்டணிகளில் சேர்வது ஆசிய நாடுகளுக்கு இழிவு என்பது நேருவின் வாதம். அண்டை வீட்டில் சோவியத் படை நிற்கும் நாட்டுக்கு நடுநிலைமை என்பது தற்கொலை என்பது ஸோர்லுவின் வாதம். ஸ்டாலின் காலத்தில் நீரிணைகளில் பங்கும் கிழக்கு எல்லையில் நிலமும் கேட்டு மிரட்டப்பட்ட நாடு துருக்கி. அந்த அச்சம் வெறும் கற்பனையன்று.

அந்த மாநாட்டில்தான் இலங்கைப் பிரதமர் சர் ஜான் கொத்தலாவல எழுந்து, மேற்கத்திய ஏகாதிபத்தியத்தைக் கண்டிக்கும் நாம் கிழக்கு ஐரோப்பாவில் நடப்பதை மட்டும் ஏன் கண்டிக்கக் கூடாது என்று கேட்டு அவையைக் கொதிக்க வைத்தார். துருக்கி, பாகிஸ்தான், ஈராக், ஈரான் போன்ற நாடுகள் உடனே அந்த வாதத்தின் பின்னால் திரண்டன. இறுதி அறிக்கையில் காலனியாதிக்கம் ‘அதன் எல்லா வடிவங்களிலும்’ தீமையே என்ற சொற்றொடர் இடம் பெற்றதும், தனியாகவோ கூட்டாகவோ தற்காத்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்ற வரி பத்துக் கோட்பாடுகளுக்குள் நுழைந்ததும் இந்த இழுபறியின் விளைவுகள். அடுத்த வரியிலேயே, கூட்டுப் பாதுகாப்பு ஏற்பாடுகள் வல்லரசுகளின் சொந்த நலனுக்குப் பயன்படக் கூடாது என்று நடுநிலை நாடுகளும் தங்கள் பங்கை எழுதிக்கொண்டன. ஸோர்லு தன் வரியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். ஆனால் துருக்கி அதற்குக் கொடுத்த விலை பெரிது. விடுதலைக்காகப் போராடிக்கொண்டிருந்த நாடுகளின் கண்ணில் அது மேற்குலகின் ஆளாகிப் போனது. அல்ஜீரியப் பிரச்சினை ஐ.நா. சபைக்கு வந்தபோது அங்காரா எடுத்த நிலை அந்தப் பெயரை உறுதிப்படுத்தியது.

நான்கு மாதம் கழித்து லண்டன். சைப்ரஸ் அப்போது பிரிட்டனின் காலனி. தீவைக் கிரேக்கத்தோடு இணைக்க வேண்டும் என்று ஈயோக்கா இயக்கம் ஆயுதம் ஏந்தியிருந்தது. பிரிட்டன், கிரேக்கம், துருக்கி மூன்றையும் 1955 ஆகஸ்ட் 29 அன்று பிரிட்டிஷ் அரசு லண்டனில் கூட்டியது. பொறுப்பு வெளியுறவு அமைச்சராக அங்கே போன ஸோர்லுவின் வாதம், சைப்ரஸ் பிரிட்டனுடையது என்று துருக்கி ஏற்றுக்கொண்ட 1923ஆம் ஆண்டின் லோசான் உடன்படிக்கையிலிருந்து எழுந்தது: தீவை நாங்கள் பிரிட்டனிடம்தான் விட்டோம், பிரிட்டன் போவதானால் அது எங்களிடமே திரும்ப வேண்டும். தீவின் மக்களில் துருக்கியர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத நிலையில் இது நடக்காது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பேரம் பேசுபவர் முதலில் கேட்கும் விலை அது.

அந்த விலைக்கு வலுச் சேர்க்க அவர் அங்காராவுக்கு ஒரு சங்கேதத் தந்தி அனுப்பினார். துருக்கி இந்த விவகாரத்தில் எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பது ஊரிலிருந்தும் காட்டப்பட வேண்டும், அதற்கு உரியவர்களுக்கு அறிவுறுத்தினால் பயன் இருக்கும் என்பது அதன் சாரம். எந்தத் தூதரும் தன் தலைநகருக்கு அனுப்பக்கூடிய தந்திதான். மேசையில் என் கை வலுப்பட வேண்டும், பின்னாலிருந்து குரல் கொடுங்கள் என்று கேட்பது தொழில் வழக்கம்.

செப்டம்பர் 6 அன்று, தெஸ்ஸலோனிகியில் அதாதுர்க் பிறந்த வீட்டருகே குண்டு வெடித்த செய்தி இஸ்தான்புல்லின் ஒரு மாலைப் பத்திரிகையில் பெரிதாக வந்தது. இருட்டுவதற்குள் கூட்டம் கிளம்பிவிட்டது. கிரேக்கர்களின் கடைகளையும் வீடுகளையும் தேவாலயங்களையும் கல்லறைகளையும் உடைத்தார்கள். ஆர்மீனியர், யூதர் சொத்துகளும் தப்பவில்லை. மறுநாள் காலை இஸ்திக்லால் தெருவில் தரையே தெரியவில்லை. கிழித்து எறிந்த துணிச் சுருள்கள், நொறுங்கிய கண்ணாடி, நசுங்கிய குளிர்பதனப் பெட்டிகள், உடைத்துப் போட்ட பியானோக்கள் என்று முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. அந்தப் புகைப்படங்களை இன்றும் பார்க்கலாம். துருக்கிய நீதிமன்றக் கணக்கிலேயே 4,214 வீடுகளும் 1,004 கடைகளும் 73 தேவாலயங்களும் தாக்கப்பட்டன. பல தலைமுறைகளாக அந்நகரில் வாழ்ந்த கிரேக்கச் சமூகம் அதன் பிறகு கரையத் தொடங்கியது.

ஸோர்லு கலவரத்தை ஏவினாரா? தந்தியில் அப்படி எந்தச் சொல்லும் இல்லை, உறுதி காட்டுங்கள் என்றுதான் சொன்னேன் என்று அவர் பின்னர் வாதிட்டார். அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தூதர் அனுப்பும் தந்தி அமைச்சகத்துக்குப் போகிறது. அங்கே அதைப் படித்து, எடைபோட்டு, வேண்டாததைத் தள்ளிவைக்க ஆள் இருக்கிறது. ஆளும் கட்சியின் சக்திவாய்ந்த அமைச்சர் அனுப்பும் தந்தி, உளவு அமைப்பையும் ‘சைப்ரஸ் துருக்கியருடையது’ என்ற சங்கத்தையும் கட்சிக் கிளைகளையும் கையில் வைத்திருக்கும் ஒரு பிரதமரிடம் போகிறது. சொற்கள் ஒன்றேயானாலும் தூக்கும் சுமை வேறு. தெருவை மேசைக்கான ஆயுதமாக எண்ணிய அந்தப் பார்வையில் பெரும் பிழை இருந்தது. அதன் விலையை லண்டனில் இருந்தவர்கள் கொடுக்கவில்லை, இஸ்தான்புல்லில் கடை வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு இறுதியில் அவருடைய சொந்தக் கட்சியே அவர்மீது பாய்ந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு கடுமையாகி, இறக்குமதி அனுமதிச் சீட்டு தங்கத்துக்கு நிகராகிவிட்டிருந்தது. யாருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்ற பேச்சு எங்கும் அடிபட்டது. எதிர்க்கட்சியினர் ஸோர்லுவுக்குப் ‘பத்து சதவீதம்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். நவம்பர் 29 அன்று நடந்த நாடாளுமன்றக் கட்சிக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கொந்தளித்து எழ, மெந்தெரெஸ் தன் அமைச்சர்களைக் கைவிட்டுத் தனக்கு மட்டும் நம்பிக்கை வாக்கு வாங்கித் தப்பினார். ஸோர்லு வெளியேறினார். பின்னர் நடந்த நாடாளுமன்ற விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது, 1957 நவம்பரில் முழு வெளியுறவு அமைச்சராகவே திரும்பி வந்தார். ஆனால் பட்டப்பெயர் போகவில்லை.

திரும்பி வந்தவர் செய்த வேலைதான் அவர் பெயரை இன்றுவரை ஒப்பந்தங்களின் அடியில் நிறுத்தியிருக்கிறது. முழுத் தீவும் வேண்டும் என்ற 1955ஆம் ஆண்டின் நிலையிலிருந்து, பாதியாகப் பிரியுங்கள் என்ற நிலைக்குத் துருக்கி ஏற்கெனவே இறங்கியிருந்தது. பிரிவினை இல்லாவிட்டால் மரணம் என்று மாணவர்கள் தெருவில் கத்திக்கொண்டிருந்தார்கள். தீவில் துருக்கியரின் ரகசிய ஆயுத அமைப்பு அங்காராவின் ஒப்புதலோடு 1958இல் உருவானது, அதற்கு ஸோர்லுவின் ஆதரவு இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஐ.நா.வில் சைப்ரஸ் விவாதம் கசப்பாக முடிந்த கையோடு, கிரேக்க வெளியுறவு அமைச்சர் எவாஞ்செலோஸ் அவெரொஃபை அணுகிப் பேசிப் பார்க்கலாமே என்று சொன்னவரும் அவர்தான். இருவரும் நேருக்கு நேர் பேச ஆரம்பித்தபின் பிரிட்டன் பார்வையாளரானது.

1959 பிப்ரவரி 5 முதல் 11 வரை சூரிச் நகரின் டோல்டர் விடுதியில் மெந்தெரெஸும் கிரேக்கப் பிரதமர் கரமன்லிஸும் தத்தம் அமைச்சர்களோடு உட்கார்ந்தார்கள். இணைப்பும் இல்லை, பிரிவினையும் இல்லை, சுதந்திர நாடு என்று முடிவாயிற்று. கிரேக்கர் குடியரசுத் தலைவர், துருக்கியர் துணைத் தலைவர், முக்கிய விஷயங்களில் இருவருக்கும் தடுப்பு அதிகாரம். 50 இடங்கள் கொண்ட அவையில் 35க்கு 15. அரசுப் பணியில் 70க்கு 30, ராணுவத்தில் 60க்கு 40. தீவில் நிற்க 950 கிரேக்கப் படையினர், 650 துருக்கியப் படையினர். மக்கள் தொகையில் சுமார் 18 சதவீதம் இருந்த ஒரு சமூகத்துக்கு இவ்வளவு வாங்கியது, பேரம் என்ற அளவில் பார்த்தால், அசாதாரணமான சாதனை. அவை எல்லாவற்றையும்விட முக்கியமானது உத்தரவாத ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு. மூன்று உத்தரவாத நாடுகளும் சேர்ந்து செயல்பட முடியாவிட்டால், ஒப்பந்தம் உண்டாக்கிய நிலையை மீட்பதற்காக ஒவ்வொன்றும் தனித்துச் செயல்படலாம் என்று அது சொன்னது. பதினைந்து ஆண்டு கழித்து, 1974 ஜூலை 20 அன்று, துருக்கிப் படை தீவில் இறங்கியபோது அங்காரா கையில் பிடித்திருந்தது இந்தப் பிரிவைத்தான்.

எல்லாத் தரப்பும் கையெழுத்திட லண்டனில் கூடியபோது, மெந்தெரெஸ் வந்த விமானம் பிப்ரவரி 17 அன்று கேட்விக் அருகே காட்டில் விழுந்தது. அதில் இருந்த 24 பேரில் 14 பேர் இறந்தார்கள். முன்னதாகவே லண்டன் போயிருந்த ஸோர்லு அதில் இல்லை. மெந்தெரெஸ் உயிர் பிழைத்து, 19ஆம் தேதி மருத்துவமனையில் இருந்தபடியே கையெழுத்திட்டார். பிரதமர் பிழைத்ததை இறைவனின் அடையாளமாக ஊரில் ஆடு வெட்டிக் கொண்டாடினார்கள். ஒப்பந்தத்தின் உள்ளே இருந்த பலவீனத்தைப் பார்க்க யாருக்கும் அப்போது மனமில்லை: தீவின் இரு சமூகத் தலைவர்களான மக்காரியோஸும் ஃபாஸில் குச்சுக்கும் பேசி எழுதிய ஏற்பாடன்று அது, அவர்களிடம் எழுதிக் கொடுக்கப்பட்ட ஏற்பாடு. 1963 டிசம்பரில் அது உடைந்தது.

அதே 1959இல், கிரேக்கம் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துக்கு ஜூன் மாதம் விண்ணப்பித்ததும் துருக்கி ஜூலை 31 அன்று விண்ணப்பித்தது. தண்ணீர் இல்லாத குளத்தில் கிரேக்கம் குதித்தாலும் நாமும் தயங்காமல் குதிக்க வேண்டும் என்று ஸோர்லு சொன்னதாக இன்றும் துருக்கியில் எடுத்துக்காட்டுவார்கள். அவருடைய முறை முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

ஊருக்குள் நிலைமை கெட்டுக்கொண்டே வந்தது. 1960 ஏப்ரலில் எதிர்க்கட்சியையும் பத்திரிகைகளையும் விசாரிக்க, கட்சி உறுப்பினர்களை மட்டும் வைத்து அரசு ஓர் ஆணையம் அமைத்தது. அதற்கு நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களையும் கொடுத்தது. மாணவர்கள் தெருவுக்கு வர, ஏப்ரல் 28 அன்று இஸ்தான்புல்லிலும் அங்காராவிலும் ராணுவச் சட்டம் வந்தது. நான்கு நாள் கழித்து அதே இஸ்தான்புல்லில் நேட்டோ அமைச்சர்களின் மாநாட்டை ஸோர்லு வரவேற்று நடத்திக்கொண்டிருந்தார். வெளியே தெருமுனைகளில் ராணுவ வண்டிகள், உள்ளே சுதந்திர உலகின் பாதுகாப்பு பற்றிய உரைகள். வெளிநாட்டு அமைச்சர்களின் முகக் குறிப்பை ஒரு பார்வையில் படிக்கத் தெரிந்த மனிதர், தன் நாட்டு இளம் அதிகாரிகளின் முகத்தைப் படிக்கவில்லை.

மே 27க்குப் பிறகு வெளியுறவு அமைச்சரானவர் செலிம் சார்பெர். அவரும் தொழில்முறைத் தூதரே, ஐ.நா.விலும் நேட்டோவிலும் துருக்கியின் பிரதிநிதியாக இருந்து, ஸோர்லுவின் கீழ் அமைச்சகத்தின் பொதுச் செயலாளராக இருந்தவர். கோப்புகள் அதே மேசையில், அதே வரிசையில் தொடர்ந்தன. ஸோர்லு பேசி முடித்த சைப்ரஸ் குடியரசு 1960 ஆகஸ்ட் 16 அன்று பிறந்தபோது, அவர் மர்மரா கடலின் யாஸ்ஸியாடா தீவில் கைதியாக இருந்தார்.

அங்கே ஒரு விளையாட்டுக் கூடத்தை நீதிமன்றமாக்கி, அக்டோபர் 14 முதல் 592 பேரை விசாரித்தார்கள். முதலில் எடுத்தது, ஆப்கானிஸ்தான் மன்னர் குடியரசுத் தலைவர் பாயாருக்குப் பரிசளித்த நாயை விற்ற வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சிறுமைப்படுத்துவதற்கே அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று சொல்ல அதிக யோசனை வேண்டியதில்லை. விசாரணையின் ஒலிப்பதிவுகள் வானொலியில் நாட்டுக்கே ஒலித்தன. 1955 செப்டம்பர் 6, 7 கலவர வழக்கில் மெந்தெரெஸுக்கும் ஸோர்லுவுக்கும் ஆறு ஆண்டு தண்டனை. மரண தண்டனை அதற்காக அல்ல. அரசியல் சட்டத்தை மீறினார்கள் என்ற பொது வழக்கில் வந்தது. பதினைந்து பேருக்கு மரணம் விதிக்கப்பட்டு, வயதைக் காரணம் காட்டிப் பாயாருக்குக் குறைக்கப்பட்டு, முடிவில் மெந்தெரெஸ், ஸோர்லு, நிதியமைச்சர் ஹசன் பொலாட்கன் ஆகிய மூவருக்கு உறுதியானது. அவர்களுடைய அரசியல் எதிரியான இஸ்மெத் இனோனுவே தூக்கிலிட வேண்டாம் என்று கடிதம் எழுதினார். அது எடுபடவில்லை. 1961 செப்டம்பர் 16 அதிகாலையில் இம்ராலி தீவில் ஸோர்லு கலங்காமல் மேடை ஏறினார் என்றும், நாற்காலியைத் தானே உதைத்துத் தள்ளினார் என்றும் சொல்கிறார்கள். அவருக்கு வயது 51.

அந்த நீதிமன்றம் நியாயமானதன்று. நடந்த பிறகு உருவாக்கப்பட்ட சட்டங்களையும் தீர்ப்பை முன்பே எதிர்பார்த்த ஆட்சியாளர்களையும் வைத்துக்கொண்டு ஒருவரைத் தூக்கிலிடுவதற்கு நீதி என்று பெயரில்லை. 1990 செப்டம்பர் 17 அன்று அரசு மரியாதையோடு மூவரின் உடல்களும் இஸ்தான்புல்லில் புதிதாக எழுப்பிய நினைவிடத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. இன்றைய ஆளும் கட்சி அவர்களை ஜனநாயகத் தியாகிகள் என்று போற்றுகிறது. அதே கட்சியின் தலைவர் எர்தோவான், பிரெஞ்சு பேசி வளர்ந்த பழைய பாணித் தூதர்களை ‘மொன்ஷெர்’ (‘என் அன்பரே’ என்ற பிரெஞ்சு விளிச்சொல்) என்று ஏளனமாகக் குறிப்பிடுவது வழக்கம். கலாதாசராய், பாரிஸ், ஜெனீவா என்று வளர்ந்து, வெளியுறவு அமைச்சரின் மருமகனாகிய ஸோர்லுவைவிட அந்தச் சொல்லுக்குப் பொருத்தமான ஒருவரைத் துருக்கிய வரலாற்றில் தேடுவது கடினம்.

2020 ஜூனில், யாஸ்ஸியாடா நீதிமன்றத்துக்கு அடிப்படையாக இருந்த சட்ட விதிகளைத் துருக்கி நாடாளுமன்றம் பின்தேதியிட்டு ரத்து செய்தது. மூன்று குடும்பங்களும் அறுபது ஆண்டுகளாகக் காத்திருந்த நீதி அது. 1955 செப்டம்பரின் அந்த இரவுக்காக அமைச்சர் நிலையில் இருந்தவர்களைப் பொறுப்பாக்கிய தீர்ப்பும் அதே கூடத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. இஸ்திக்லால் தெருவில் கடையை இழந்துவிட்டு ஏதென்ஸுக்குக் கப்பலேறியவர்களின் பிள்ளைகளுக்கு, அதற்குப் பதிலாக வேறொரு விசாரணை இன்னும் கிடைக்கவில்லை.